பன்னிரண்டு வீட்டுத் தண்ணீர்

நான் வேலை பார்க்கும் கட்டடம் கிண்டியில் இருக்கிறது. பதினான்கு மாடி, வெளிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. நான் குடியிருக்கும் கட்டடம் திருவொற்றியூர் முடிந்து எர்ணாவூர் தொடங்கும் இடத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நாலு தளம், தளத்துக்கு மூன்று வீடு. லிஃப்ட் கிடையாது. தினமும் காலையில் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அந்தக் கட்டடத்துக்குப் போய், இருட்டியதும் இந்தக் கட்டடத்துக்குத் திரும்புவேன். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன்.

கிண்டிக் கட்டடத்தின் அடித்தளத்தில், கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கேதான் என் நாற்காலி. எதிரே ஐந்து திரைகள். எந்த மாடியில் ஏசி எவ்வளவு ஓடுகிறது, எந்தத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, எந்த லிஃப்ட் முனகுகிறது எல்லாம் அதில் தெரியும். ஓர் அறையில் ஆள் இல்லையென்றால் விளக்கு தானாக அணையும். கூட்டம் நடக்கும் அறையில் இருபது பேர் மூச்சுவிட்டுக் காற்று கனத்துப் போனால், வெளிக்காற்று தானாகக் கூடுதலாக உள்ளே வரும். மேற்கு வெயில் விழும் நேரத்துக்குத் திரைச்சீலை இறங்கும். மேலே உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. பின்மதியத்தில் தலை வலிக்கவில்லை என்று மட்டும் தெரியும். கட்டட முதலாளிக்கு மின்சாரம் மிச்சம். அந்த மின்சாரத்துக்காக எங்கள் எண்ணூர்ப் பக்கம் எரிய வேண்டிய நிலக்கரியில் கொஞ்சம் மிச்சம். நான் பாலிடெக்னிக்கில் கருவியியல் படித்துவிட்டு அந்த அறைக்குப் போன முதல் பெண்.

சேர்ந்த முதல் வாரம், வாக்கி டாக்கியில் அவசரமாகச் சொன்னேன்: "சார், ஆறாவது மாடி பம்பு நின்னுகினு கீது." அறையே சிரித்தது. ஒரு மாதம் வரை என்னைப் பார்த்தால் யாராவது ஒருவர் "கீதா, இல்லியா?" என்பார். அதற்குப் பிறகு கிண்டியில் நான் பேசும் தமிழைத் தேய்த்து மடித்த சட்டைபோல வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டு உரிமையாளர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதையும் போட்டு இந்தப் பன்னிரண்டு வீட்டையும் கட்டியவர், தரைத்தளத்தில் ஒன்றில் தானே இருந்தார். எல்லாரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அறுபத்தெட்டு வயதிலும் அவர் குரல் கிரேன் மேலிருந்து கப்பல் தளத்துக்குக் கூப்பிடுகிற குரலாகவே இருந்தது. அந்தக் குரலுக்கு எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரே வேலை, தண்ணீரைப் பற்றிக் கத்துவது.

குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அது வாசலுக்கு அடியிலுள்ள சம்பில் நிறையும். மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏற்றினாலும் போதவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை மோட்டார் ஓடியது. தினமும் ஒரு டேங்கர் லாரி வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அதுவும் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து போர் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வருடத்துக்கு வருடம் உப்பு கூடிக்கொண்டே போனது.

"எத்தினி தபா ஏத்தறது? தண்ணிய துன்றீங்களா, இன்னா?" என்று நைனா மாடிப்படிக்குக் கீழே நின்று கத்துவார். கத்தல் எல்லாருக்கும் பொது என்றாலும் அவர் முகம் எப்போதும் இரண்டாவது மாடியைப் பார்த்தே இருக்கும்.

இரண்டாவது மாடியில் ஒரு மீன்காரம்மா. விடிவதற்குள் காசிமேடு போய் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று, மதியம் வீடு திரும்பி டப்பாவைக் கழுவுவாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அக்கா என்பேன். கணவர் இல்லை, கல்லூரி போகும் இரண்டு பெண்கள்.

"மீன் களுவி களுவியே தொட்டிய காலி பண்ணிட்டா" என்பது நைனாவின் தீர்ப்பு.

"ரெண்டு பக்கெட்டுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது நைனா. வேணும்னா வந்து எண்ணு" என்று அவளும் மேலிருந்தே பதில் சொல்வாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருநாள் அரை நாள் விடுப்பு முடிந்து மதியம் வேலைக்குக் கிளம்பி, என் வீடு இருக்கும் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, அவள் டப்பாவைக் கழுவாமல், செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மெட்ரோவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பதினான்கு மாடியில் எந்தக் கழிப்பறைக் குழாய் சொட்டுகிறது என்று எனக்குத் தெரியும். நான் தூங்கி எழும் கட்டடத்தில் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாது. ஒரு பெண்மேல் தினமும் பழி விழுகிறது, நான் கையைக் கட்டிக்கொண்டு படியேறிப் போகிறேன்.

சாயங்காலம் நேராக நைனாவிடம் போனேன். தொட்டியில் ஒரு சென்சார் மாட்டலாம், அது தண்ணீர் மட்டத்தை நிமிடத்துக்கு நிமிடம் காட்டும் என்றேன்.

"எனக்கு மிசினா?" என்று சிரித்தார். "முப்பத்தஞ்சு வருசம் கிரேன் ஓட்டுனவன்மா நான். கேபின்ல ஒரு மீட்டர் கீது, எத்தினி டன்னு தூக்கறோம்னு காட்டும். நான் அத்த பாத்ததே இல்ல. கயிறு இழுக்கற இழுப்புலயே சொல்லிடுவேன். இந்த தொட்டிக்கு மீட்டரு வெக்கணுமா?"

நான் விடவில்லை. அந்தச் சமயத்தில் கிண்டிக் கட்டடத்தில் பழைய கருவிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நன்றாக வேலை செய்யும் சென்சார்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் பழைய இரும்புக்குப் போகக் காத்திருந்தன. என் மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கேட் பாஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விம்கோ நகர் வரை வந்தேன். அதைப் பார்த்ததும் நைனா, "சரி, மாட்டிக்கோ. ஆனா செவுத்துல ஓட்ட போடக்கூடாது" என்றார்.

சென்சார் ஒரு சின்ன டம்ளர் அளவுதான். தொட்டி மூடியின் உள்பக்கம் தலைகீழாகத் தொங்கும். கீழே ஒலியை அனுப்பி, தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு மட்டத்தைச் சொல்லும். என் கைப்பேசியில் அது ஒரு கோடாக வரும். தண்ணீர் ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும், யாரும் தொடாவிட்டால் படுத்திருக்கும்.

ஒரு வாரம் பார்த்தேன். கோடு படுக்கவே இல்லை. ஊர் அடங்கிய பிறகும் அது மெதுவாக, ஒரே சீராக இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. எங்கோ ஒழுகுகிறது. நைனாவிடம் காட்டினேன்.

"ஒழுகுனா செவுரு ஈரமாவணும், தரை ஈரமாவணும். எங்க கீது ஈரம்?" என்றார். "யாரோ பைப்ப தொறந்து வுட்டுட்டு தூங்கறாங்க. ரெண்டாவது மாடிதான்."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. பன்னிரண்டு வீட்டில் ஆள் இருக்கும்வரை, யாரோ திறந்து விட்டார்கள் என்று சொல்லலாம். கட்டடம் முழுக்கக் காலியாக இருக்கும் ஒரு மணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது. அதை நைனாவே கொடுத்தார்.

அவருடைய பேத்திக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கும் சடங்கு. ராயபுரம் கோவிலில் பூசை, பக்கத்திலேயே ஒரு மண்டபத்தில் விருந்து. பன்னிரண்டு வீட்டையும் அழைத்தார். சண்டை தண்ணீரோடு சரி. மீன்காரம்மாவைத் தவிர வேறு யாரிடமும் அவர் வஞ்சிரம் வாங்க மாட்டார். அன்றைய விருந்துக்கும் மீன் அவளுடையதுதான். இரண்டு வேன் பிடித்து எல்லாரையும் ஏற்றினார். கடைசியாக வெளிக் கேட்டைத் தானே பூட்டி, சாவியை ஜரிகை வேட்டிக்கு மேல் போட்டிருந்த சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மண்டபத்தில் பிரியாணி இலையில் விழுந்த பிறகு எதேச்சையாகக் கைப்பேசியை எடுத்தேன். கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர் வரிசையில் மீன்காரம்மா தன் பெண்களோடு. பக்கத்தில் முதல் மாடி ரயில்வே குடும்பம். அந்தக் கோடியில் என் கணவர். விரலால் எண்ணினேன். பன்னிரண்டு வீடும் பந்தியில். இலையை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். நைனா ஊறுகாய்ப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, கேட்டு சாவி எங்க?"

"தோ கீது. இன்னாத்துக்கு?"

"நம்ம பில்டிங்குல இப்ப யாருனா கீறாங்களா?"

"எல்லாரயும் நான்தானே எண்ணி வேன்ல ஏத்துனேன். பூனகூட இல்ல."

கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "அப்ப இப்ப குளிக்கறது யாரு?"

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். கோட்டைப் பார்த்தார். எங்கள் கண் எதிரே அது இன்னும் ஓர் இம்மி இறங்கியது. ஊறுகாய்ப் பாத்திரத்தைப் பக்கத்து மேசைமேல் வைத்தார். மகனைக் கூப்பிட்டு, "நீ பாத்துக்கோ, தோ வந்துடறேன்" என்றார். இருவரும் வாசலுக்கு வந்து ஆட்டோவைக் கூப்பிட்டோம். கையைக்கூடக் கழுவாமல் பின்னாலேயே ஓடி வந்து ஏறினாள் மீன்காரம்மா.

"நீ எங்க வர?" என்றார் நைனா.

"கெட்டது எம்பேரு. நான்தான் மொதல்ல பாக்கணும்" என்றாள்.

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நாலு குழாய் இறங்குகிறது. மூன்று, மேல் மாடிகளின் மூன்று வரிசை வீடுகளுக்கு. நாலாவது தரைத்தளத்துக்கும் வாசல் குழாய்க்கும். நாலு வால்வையும் மூடினேன். பத்து நிமிடம் மூவரும் வெயிலில் நின்றோம். கோடு முதல் தடவையாகப் படுத்தது. முதல் வால்வைத் திறந்தேன். அசையவில்லை. இரண்டாவது. அசையவில்லை. அது மீன்காரம்மாவின் வரிசை. அவள் நைனாவைப் பார்த்தாள். அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது. அதுவும் இல்லை. நாலாவதைத் திறந்ததும் கோடு வழுக்க ஆரம்பித்தது.

"அது யார் வூட்டு லைனு?" என்று மீன்காரம்மா கேட்டாள். அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

"என் வூட்டுது" என்றார் நைனா.

மறுநாள் பிளம்பர் வந்து வாசல் தரையில் டைல்ஸை உடைத்தார். முந்தைய வருடம் நைனா ஆசையாகப் போட்ட டைல்ஸ். அப்போது இரும்புக் கிரில் வைக்கத் துளை போட்டவர்கள் குழாயின் ஓரத்தையும் துளைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் கடல் மணல். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும். அதனால்தான் சுவரும் தரையும் நனையவில்லை. வருடம் முழுக்கத் தெருவை அடைத்து நின்ற லாரிகளின் நல்ல தண்ணீர் அந்த மணலுக்குள் போயிருந்தது.

அன்று சாயங்காலம் நைனா வழக்கமான இடத்தில், மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார். வழக்கமான குரலில் கத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! தண்ணி பூட்டது என் வூட்டு பைப்புல. ரெண்டாவது மாடி மேல பழி போட்டேன். தப்பு எம்மேலதான்!"

பன்னிரண்டு வீட்டுக் கதவும் திறந்தது. இரண்டாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் மீன்காரம்மா எட்டிப் பார்த்தாள். ஒரு வருடக் கோபத்தை அவள் கொட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சரி வுடு நைனா" என்றாள். "பாதில எய்ந்து வந்துட்டோமே, வஞ்சிரம் மிச்சம் கீதா?"

கதவைச் சாத்திவிட்டு அவள் அழுதாள் என்று அவளுடைய மூத்த பெண் பிறகு சொன்னாள். கிண்டியில் பெரிய பெரிய கோளாறுகளைக் கண்டுபிடித்திருக்கிறேன். பாராட்டுக் கடிதமும் வாங்கியிருக்கிறேன். ஒரு மனுஷியின் நல்ல பெயரை மீட்டுக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

அதன் பிறகு மோட்டார் ஒரு நாளைக்கு ஒரு தடவை ஓடினால் போதும் என்றானது. தினமும் வந்த லாரி, வாரத்துக்கு ஒன்று என்று குறைந்தது. போர் மோட்டாரின் சுவிட்சுக்கு நைனா டேப் சுற்றி ஒட்டிவிட்டார். இழுக்காமல் விட்டால்தான் கீழே இருக்கும் கொஞ்ச நஞ்ச நல்ல தண்ணீரைக் கடல் தின்னாமல் இருக்கும் என்று நான் சொல்லியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டி, "ஏம்மா, உன் மிசினு வேற இன்னா இன்னா செய்யும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. படிக்கட்டு விளக்குகள் அதுவரை மாலையில் போட்டால் விடியும்வரை எரியும்; அல்லது பல்பு போய் ஒரு மாதம் இருட்டாகக் கிடக்கும். ஆள் அசைவைப் பார்த்து எரிந்து அணையும்படி மாற்றினேன். முதல் மாடியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு தம்பதி வேலைக்குப் போய்த் திரும்பும்போது அவர்கள் காலுக்கு முன்னால் வெளிச்சம் படியேறிப் போகும். சம்புக்குள்ளும் ஒரு சென்சார் மாட்டினேன். சம்பில் தண்ணீர் இருந்து, தொட்டி காலியானால் மட்டும் மோட்டார் தானாக ஓடும். தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டார் கருகும் செலவு நைனாவுக்கு நின்றது. துளை போடக்கூடாது என்று சொன்னவர் துளை போடும் கருவியைத் தானே வாங்கி வந்தார். சட்டமும் ஆணியும் அவர் பொறுப்பு. முப்பதடி ஏணியில் அவர் ஏறும்போது கீழே பிடித்துக்கொள்ள நாங்கள் நாலு பேர்.

எச்சரிக்கைச் செய்திகளை எல்லார் கைப்பேசிக்கும் எழுத்தில் அனுப்பினேன். மீன்காரம்மா நேராக வந்தாள்.

"தங்கச்சி, இத்த எத்தினி பேரு படிப்பாங்கன்ற? எனக்கு படிக்க வராது. கீழ் வூட்டு ஆயாவுக்கு கண்ணு தெரியாது. பேசற மாரி வையி."

"யார் குரல்ல வெக்கறது அக்கா?"

"ஏன், எனக்கு இன்னா கொறச்சல்? இந்த தெருவே என் கொரல்லதான் மீன் வாங்குது."

அப்படித்தான் எங்கள் கட்டடத்துக்கு அவள் குரல் வந்தது. என் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்துப் பதிவு செய்தேன். மெதுவாகப் பேசு என்று எவ்வளவு சொல்லியும் அவளுக்கு வரவில்லை. "தொட்டில கம்மியா கீது! துணி தொவைக்கறவங்கோ நாளிக்கு வெச்சிக்கோங்கோ!" என்று ஒன்று. "குயா தண்ணி வந்துட்ச்சி!" என்று ஒன்று. படிக்கட்டில் ஒரு ஒலிபெருக்கி. முதல் நாள் அது பேசியபோது தெருவில் போன ஒரு அம்மா நின்று, சங்கரா மீன் கிடைக்குமா என்று மேலே பார்த்துக் கேட்டார்.

மழைக்காலத்துக்கு என்று இன்னொன்றும் பதிவு செய்தோம். எங்கள் பக்கம் தெருவில் தண்ணீர் நின்றால் முதலில் கெடுவது சம்பு. மூடியின் இடுக்கு வழியாகத் தெருத் தண்ணீர் உள்ளே போகும். அது தெரியாமல் மோட்டாரைப் போட்டால் தொட்டியும் கெட்டு, பன்னிரண்டு வீட்டுக் குழாயும் கெடும். அதனால் ஒரு விதி எழுதினேன்: குழாயிலும் தண்ணீர் வரவில்லை, லாரியும் வரவில்லை, ஆனால் சம்பில் மட்டம் ஏறுகிறது என்றால், அது நம் தண்ணீர் இல்லை. உடனே மோட்டாரைப் பூட்டிவிடு.

அந்த வருடக் கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. இரண்டாம் நாள் காலை நான் கிண்டியில் இருந்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தொட்டியை முழுக்க நிரப்பியிருந்தேன். பத்து மணிவாக்கில் கைப்பேசி துடித்தது. சம்பில் மட்டம் ஏறுகிறது. மோட்டார் பூட்டிக்கொண்டது. அடுத்த நிமிடமே நைனாவின் அழைப்பு.

"ஏம்மா, கரண்டு பூடறதுக்குள்ள மோட்டார போட்டுக்கலாம்னு பாத்தா, உன் மிசினு வுட மாட்டேன்னுது! நான் நேரா ஒயரு போட்டுக்கவா?"

"வேணாம் நைனா! தொடாத. தொட்டி ரொம்பி கீது. சம்பு தானா ஏறிகினு கீது. தெரு தண்ணி பூந்துட்ச்சி."

"மூடி இன்னும் முங்கலியேம்மா. தண்ணி ஓரத்ததான் தொட்டுகினு கீது."

அவருக்குப் பின்னால், மழைச் சத்தத்தையும் தாண்டி, மீன்காரம்மாவின் பதிவுக் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது: "சம்புல கலீஜ் தண்ணி! மோட்டார தொடாதீங்கோ!"

"ஒரு தபா மூடிய தொறந்து பாரு நைனா" என்றேன்.

இரும்பு மூடி கிரீச்சிட்டது.

"எண்ண மெதக்குதும்மா" என்றார். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "வானவில்லு மாரி மேல படர்ந்துகினு கீது. ஒரே நாத்தம்."

"பாத்துக்கோ. இத்த மேல ஏத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்? மோட்டார் வால்வயும் மூடிடு. வாசல் குயாவையும் மூடிடு. யாரும் பயப்பட வேணாம்னு சொல்லு. குடிக்க, ஆக்க மட்டும்னா மேல நாலு நாளிக்கி தண்ணி கீது."

கைப்பேசியைக் கீழே வைத்து நிமிர்ந்தேன். மேலாளரும் மற்ற மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நேரமும் நான் எங்கள் தெருப் பாஷையில் பேசியிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் என் கைப்பேசித் திரையைக் குனிந்து பார்த்தார். "இந்த விதி நம்ம பில்டிங்குல இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார். நம்ம பில்டிங்குல கீழ் சம்புக்கு அது தேவைப்படும்னு யாரும் நெனைக்கல."

"இன்னிக்கே போடும்மா" என்றார்.

அன்று மெட்ரோ ஓடியது; இறங்கிய பிறகு முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு வந்தேன். மின்சாரம் இல்லை. தெருவில் பல வீடுகளில், மின்சாரம் போவதற்குள் என்று அவசரமாக மோட்டார் போட்டிருந்தார்கள். அவர்கள் குழாயைத் திறந்தால் டீசல் வாடை. எங்கள் வாசலில் குடங்களோடு ஆள்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டியிலிருந்து நீளக் குழாய் ஒன்றை மாடி வழியாக இறக்கி, வீட்டுக்கு ஒரு குடம் என்று பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மீன்காரம்மா வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். அதற்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. குழந்தை இருக்கும் வீடுகளுக்கு முதலில் என்று அவளே முடிவு செய்திருந்தாள். ஈரப் புடவையோடு நான் அந்த வரிசையின் ஓரமாக உள்ளே நுழைந்தபோது, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் வழி விட்டார்கள். படியேறும்போது எனக்குக் கால் வலி தெரியவில்லை.

மூன்று நாள் அந்தத் தொட்டி எங்களுக்கும் தெருவுக்கும் தாங்கியது. மழை விட்டதும் சம்பைக் காலி செய்து கழுவினோம். அடுத்த மாதம் எதிர் வீட்டு உரிமையாளர் வந்து தன் கட்டடத்துக்கும் மாட்டித் தர முடியுமா என்று கேட்டார். அவரோடு பேசியது நான் அல்ல. நைனாதான் அவரைத் தொட்டிவரை கூட்டிக்கொண்டு போய், கைப்பேசியில் கோட்டைக் காட்டி, அது படுத்தால் என்ன அர்த்தம், இறங்கினால் என்ன அர்த்தம் என்று விளக்கினார். வாசலில் டைல்ஸ் உடைத்த இடத்தையும் மறைக்காமல் காட்டினார். இப்போது எங்கள் தெருவில் ஏழு கட்டடங்களில் சென்சார் தொங்குகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எண்ணெய் ஆலைகள் இருக்கும் மணலிப் பக்கத்திலிருந்து காற்று திரும்பும் நாள்களில் எங்கள் தெருவில் தொண்டை எரிகிறது. குழந்தைகளுக்கு இழுப்பு வருகிறது. இந்த வருடம் படிக்கட்டில் காற்றை அளக்கும் ஒரு கருவியும், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் ஒரு மின்விசிறியும் மாட்டினேன். காற்று கெட்டால் மீன்காரம்மாவின் குரல் ஜன்னலைச் சாத்தச் சொல்லும். படிக்கட்டு மின்விசிறி வெளிக்காற்றை இழுப்பதை நிறுத்தும். உள்ளே இருப்பவர்களுக்கு அது உதவுகிறது. வெளியே இருக்கும் காற்றை அது சுத்தம் செய்யாது. அதைச் செய்ய வேண்டியவர்கள் வேறு.

அதனால் மூன்று மாதக் காற்றின் கோட்டைத் தாளில் அச்சடித்தேன். குறைதீர்ப்புக் கூட்டம் நடந்த நாளில் எனக்கு வேலை. மீன்காரம்மாவும் நைனாவும் எடுத்துக்கொண்டு போனார்கள். இதற்கு முன்பும் பல தடவை போயிருக்கிறோம். நாற்றம் அடிக்கிறது என்றால், எப்போது, எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள், பதில் இருக்காது. இந்தத் தடவை எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு என்று எல்லாம் தாளில் இருந்தது. அதிகாரி பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாராம். மனுவோடு சேர்த்து வைத்துக்கொண்டு, நேரில் வந்து பார்க்கிறோம் என்று தேதி எழுதிக் கொடுத்தாராம்.

"இதெல்லாம் எந்தக் கம்பெனிம்மா போட்டுக் குடுத்தது?" என்று கேட்டிருக்கிறார்.

"கம்பெனி இல்ல சார்" என்றாளாம் மீன்காரம்மா. "மூணாவது மாடி."